பி.எஃப். பணம் வந்து ஏழு வாரம் ஆச்சு, இனி என்ன?

கேள்வி: என் வீட்டுக்காரருக்கு 58 வயது. கோவைப் பக்கம் ஒரு ஸ்பின்னிங் மில்லில் 29 வருஷம் வேலை பார்த்துவிட்டு மே மாதக் கடைசியில் ரிட்டயர் ஆனார். பி.எஃப். 11 லட்சம், கிராஜுவிட்டி 3 லட்சம் வந்தது. எல்லாம் சேவிங்ஸ் கணக்கில் கிடக்கிறது. பென்ஷன் 6,600 வரும் என்று கணக்குப் போட்டு வைத்திருந்தார், 4,200 சொச்சம்தான் வந்திருக்கிறது. பேங்கில் எஃப்.டி. மாதிரி என்று சொல்லி ஒரு லட்சம் வாங்கிக்கொண்டார்கள், 12 நாளைக்கு முன்னால் தபாலில் ஒரு இன்சூரன்ஸ் பாண்ட் வந்தது, வருஷா வருஷம் ஒரு லட்சம் கட்ட வேண்டுமாம். மகன் எங்களோடு இருந்து திருப்பூருக்கு டைலர் வேலைக்குப் போகிறான், சொந்தமாக ஜாப் ஒர்க் எடுக்க மிஷின் வாங்க 8 லட்சம் கேட்கிறான். வீட்டையும் செட்டில்மென்ட் எழுதிக் கொடுத்தால் பேங்க் லோன் சுலபம் என்கிறான். சூலூரில் 4 சென்டில் வீடு, அவர் சம்பாத்தியம், அவர் பெயரில் இருக்கிறது. மகள் பொள்ளாச்சியில். எனக்கு சுகர், அவருக்கு பி.பி. இவர் எதற்கும் வாயைத் திறப்பதில்லை, "நீ சும்மா இரு, உனக்கு என்ன தெரியும்" என்கிறார். நான் என்ன செய்ய?

பதில்:

அம்மா, நீங்கள் சும்மா இருக்காதீர்கள். கேட்டதில் எல்லாவற்றுக்கும் பதில் சொல்கிறேன், ஆனால் நீங்கள் எழுதிய வரிசையில் இல்லை, காலக்கெடு உள்ளதை முதலில் பார்த்துவிடலாம். உங்கள் விஷயத்தில் இரண்டு கெடு ஓடிக்கொண்டிருக்கிறது, இரண்டும் உங்கள் வீட்டில் யாருக்கும் தெரிந்த மாதிரி இல்லை.

முதலில் அந்த பாண்ட். பாலிசிப் பத்திரம் கைக்கு வந்த நாளிலிருந்து 30 நாளுக்குள், "எனக்கு வேண்டாம்" என்று திருப்பிக் கொடுக்க உங்களுக்கு உரிமை உண்டு. முன்பு இது 15 நாளாக இருந்தது, 2024-ல் 30 ஆக்கினார்கள். உங்களுக்கு 12 நாள் போய்விட்டது. பேங்க் மேனேஜரைப் போய்ப் பார்க்காதீர்கள். "ஒரு வருஷம் மட்டும் பாருங்கம்மா" என்று காபி வாங்கிக்கொடுத்து அனுப்பிவிடுவார், நாள் ஓடிவிடும். இன்சூரன்ஸ் கம்பெனியின் கிளைக்கு நேராகப் போங்கள். ஒரு வெள்ளைத்தாளில் பாலிசி எண், பத்திரம் கிடைத்த தேதி, எஃப்.டி. என்று சொல்லி விற்றார்கள் என்ற ஒரு வரி, பாலிசியை ரத்து செய்து பணத்தை இந்தக் கணக்கில் போடவும் என்று எழுதி உங்கள் வீட்டுக்காரர் கையெழுத்துப் போடட்டும். நகலில் தேதியோடு முத்திரை வாங்காமல் கவுண்டரை விட்டு நகராதீர்கள். தபால் உறையைத் தூக்கி எறிந்துவிடாதீர்கள், வந்த தேதிக்கு அதுதான் சாட்சி. முத்திரைக் கட்டணம், இத்தனை நாள் காப்பீடு இருந்ததற்கான சின்னத் தொகை, மெடிக்கல் டெஸ்ட் எடுத்திருந்தால் அந்தச் செலவு, இவ்வளவுதான் பிடிப்பார்கள். மீதி முழுசாக வரும். இழுத்தடித்தால் காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையத்தின் 155255 எண்ணில் புகார் சொல்லலாம். 58 வயதில் சம்பளம் நின்றுபோன மனிதரிடம் வருஷம் ஒரு லட்சம் கட்டும் பாலிசியை விற்கிறவர்களைப் பற்றி நான் என்ன எழுத, எழுதினால் பத்திரிகையில் போட மாட்டார்கள்.

இரண்டாவது கெடு இன்னும் முக்கியம். தபால் நிலையத்தில் மூத்த குடிமக்கள் சேமிப்புத் திட்டம் என்று ஒன்று இருப்பது தெரிந்திருக்கும், ஆனால் 60 வயது ஆனால்தான் சேர முடியும் என்று உங்கள் வீட்டுக்காரர் விட்டிருப்பார். அது பாதி உண்மை. 55 முதல் 60 வயதுக்குள் ரிட்டயர் ஆனவர்களும் சேரலாம், தனியார் மில்காரர்களும் சேர்த்துத்தான், ஒரே நிபந்தனை, ஓய்வுப் பணம் கைக்கு வந்து மூன்று மாதத்துக்குள் கணக்கு தொடங்க வேண்டும். முன்பு ஒரு மாதம்தான் இருந்தது, 2023 நவம்பரில் மூன்று மாதம் ஆக்கினார்கள். உங்களுக்கு பி.எஃப். வந்து ஏழு வாரம் என்று எழுதியிருக்கிறீர்கள். கிராஜுவிட்டி அப்புறம்தான் வந்தது, அதிலிருந்து எண்ணலாமே என்று யோசிக்க வேண்டாம், முதலில் வந்த பணத்தின் தேதியிலிருந்தே எண்ணுங்கள், வம்பில்லாமல் இருக்கும். இந்தக் கெடுவை விட்டால் அவருக்கு 60 முடியும்வரை இரண்டு வருஷம் காத்திருக்க வேண்டும். மகன் கேட்டுக்கொண்டிருக்க, பேங்கில் 13 லட்சம் இரண்டு வருஷம் அப்படியே இருக்கும் என்று உங்களுக்கு நம்பிக்கை இருக்கிறதா? எனக்கு இல்லை.

எவ்வளவு போடுவது? வந்த பி.எஃப். 11 லட்சத்தை அப்படியே போடுங்கள் என்பேன். இதை எழுதும்போது வட்டி 8.2 சதவீதம். அரசு மூன்று மாதத்துக்கு ஒருமுறை அறிவிக்கும், ஆனால் நீங்கள் போடுகிற நாளில் என்ன வட்டியோ அதுதான் ஐந்து வருஷத்துக்கும், நடுவில் குறையாது. 11 லட்சத்துக்கு மூன்று மாதத்துக்கு ஒருமுறை 22,550 ரூபாய் வரும், ஏப்ரல், ஜூலை, அக்டோபர், ஜனவரி மாதத் தொடக்கத்தில். மாதக் கணக்கில் 7,500-க்குக் கொஞ்சம் மேலே. பென்ஷனையும் சேர்த்தால் 11,700. மூன்று மாதப் பணம் மொத்தமாக வருவதால் முதல் மாதமே கரைந்துவிடும் ஆபத்து உண்டு, அதை மட்டும் நீங்கள் கையில் எடுத்துக்கொள்ளுங்கள்.

கணக்கைக் கணவன் மனைவி இருவர் பெயரிலும் தொடங்கலாம். மனைவியோடு மட்டும்தான் கூட்டுக் கணக்கு, மகனைச் சேர்க்க முடியாது. இந்த விதி எனக்கு ரொம்பப் பிடிக்கும். அவருக்கு ஏதாவது ஆனால், அந்த நேரத்தில் இந்தத் திட்டத்தில் சேரும் தகுதி உங்களுக்கு இருந்தால் நீங்கள் அந்தக் கணக்கை அதே வட்டியில் முதிர்வுவரை தொடரலாம், யாரிடமும் போய் நிற்க வேண்டியதில்லை. "நீ சும்மா இரு" என்கிற மனிதரிடம் இந்த ஒரு கையெழுத்தை வாங்கிவிடுங்கள், மற்றதெல்லாம் மெதுவாகப் பேசிக்கொள்ளலாம். நடுவில் பணம் தேவைப்பட்டால் மூடலாம்: ஒரு வருஷத்துக்குள் என்றால் வட்டி கிடையாது, கொடுத்த வட்டியையும் கழித்துக்கொள்வார்கள். இரண்டு வருஷத்துக்குள் என்றால் அசலில் ஒன்றரை சதவீதம், அதற்குமேல் ஒரு சதவீதம் பிடிப்பார்கள். மகனிடம் "இப்போ எடுத்தா நஷ்டம்ப்பா" என்று சொல்ல இது போதும், பொய்யும் இல்லை.

வரி உங்களுக்கு வராது. ஆனால் அவருக்கு 60 ஆகாததால், தபால் நிலைய வட்டி வருஷத்துக்கு 50,000-ஐத் தாண்டினால் முன்கூட்டியே பிடித்துவிடுவார்கள், உங்களுக்கு 90,000 வருகிறது. வரி கட்டும் அளவுக்கு வருமானம் இல்லை, பிடிக்க வேண்டாம் என்று எழுதிக்கொடுக்க ஒரு படிவம் இருக்கிறது, ஒவ்வொரு ஏப்ரலிலும் அதைக் கொடுத்துவிடுங்கள். பிடித்துவிட்டால் ரிட்டர்ன் போட்டுத் திரும்ப வாங்குகிற அலைச்சல்.

உங்கள் வீட்டுச் செலவு 13,000 என்று கடிதத்தின் ஓரத்தில் பென்சிலில் குறித்திருக்கிறீர்கள், அதில் மகன், மருமகள், பேரன் சாப்பாடும் சேர்த்தி என்று புரிகிறது. 11,700-க்கும் அதற்கும் உள்ள இடைவெளிக்கு நான் புதுசாக ஒரு முதலீடு சொல்லப்போவதில்லை. ஐந்து பேர் சாப்பிடுகிற வீட்டில் மளிகைக் காசை மகன் தரட்டும். இதுவரை அப்பா சம்பளம் வந்ததால் யாரும் கேட்கவில்லை, அவ்வளவுதான்.

மீதி 3 லட்சத்தில் ஒன்று பாண்டிலிருந்து திரும்ப வரவேண்டியது. 2 லட்சத்தை ஆஸ்பத்திரி, அவசரம் என்று எஃப்.டி.யில் வையுங்கள், ஒரே ரசீதாக இல்லாமல் 50,000 வீதம் நாலாகப் பிரித்து, ஒன்றை உடைத்தால் மற்றது வட்டியோடு இருக்கும். சொந்தக்காரர் யாராவது லட்சத்துக்கு மாதம் 3,000 தருகிற இடம் தெரியும் என்று வந்தால், கொங்கு நாட்டில் ஈமு கோழி மோசடியை யாரும் மறந்திருக்க மாட்டார்கள், அதைச் சொல்லி டீ கொடுத்து அனுப்புங்கள்.

சரி, பென்ஷன். 15,000 சம்பளத்தை 31 வருஷத்தால் பெருக்கி 70-ஆல் வகுத்து 6,642 என்று உங்கள் வீட்டுக்காரர் கணக்குப் போட்டிருக்கிறார், 20 வருஷத்துக்கு மேல் சர்வீஸ் இருந்தால் இரண்டு வருஷம் கூடுதல் என்பதுவரை சரியாகத் தெரிந்து வைத்திருக்கிறார், மில்லில் யூனியன்காரர் யாரோ நன்றாகவே சொல்லிக்கொடுத்திருக்கிறார். விட்டுப்போனது ஒன்றுதான். பென்ஷனுக்கு எடுத்துக்கொள்ளும் சம்பள வரம்பு 2014 செப்டம்பரில்தான் 15,000 ஆனது, அதற்கு முன் 6,500. ஆகவே சர்வீஸை இரண்டாக வெட்டித்தான் கணக்குப் போடுவார்கள். 1996 ஜூனிலிருந்து 2014 ஆகஸ்ட்வரை பதினெட்டேகால் வருஷத்துக்கு 6,500 வைத்துப் போட்டால் கிட்டத்தட்ட 1,700. அதற்குப் பிறகு பத்தே முக்கால் வருஷத்துக்கு 15,000 வைத்து 2,300. ஆக 4,000, அதோடு அந்த இரண்டு வருஷச் சலுகை கொஞ்சம். 4,200 சொச்சம் சரியான தொகைதான். இதற்காக வக்கீலுக்குப் பணம் கொடுக்க வேண்டாம், "கூட வாங்கித் தரேன்" என்று வருகிற ஏஜென்டுக்கும் வேண்டாம்.

நீங்கள் பார்க்க வேண்டியது தொகையை அல்ல, அந்தப் பென்ஷன் ஆர்டரில் உங்கள் பெயர் எப்படி இருக்கிறது என்பதை. அவருக்குப் பிறகு அவர் பென்ஷனில் பாதி உங்களுக்கு வரும். பத்து டி படிவத்தில் இருவரும் சேர்ந்து எடுத்த போட்டோ ஒட்டியிருப்பீர்கள், அது இதற்குத்தான். ஆர்டரில் உங்கள் பெயரும் பிறந்த தேதியும் ஆதாரில் உள்ளபடி இருக்கிறதா என்று எழுத்து எழுத்தாகப் பாருங்கள். நம் ஊரில் இனிஷியல் ஒரு பெரிய தலைவலி: ரேஷன் கார்டில் முன்னால், ஆதாரில் பின்னால், கல்யாணத்துக்கு முன் அப்பா இனிஷியல், பின் கணவர் இனிஷியல். அவர் உயிரோடு இருக்கும்போது ஒரு மனுவில் திருத்திவிடலாம். அப்புறம் என்றால் தாசில்தார் ஆபீஸ் சான்று, அபிடவிட் என்று நீங்கள் தனியாக அலைய வேண்டும்.

வாழ்வுச் சான்று முதல் ஒரு வருஷத்துக்குத் தேவையில்லை. அப்புறம் வருஷத்துக்கு ஒருமுறை, நவம்பர்தான் என்று இல்லை, உங்கள் பி.எஃப். பென்ஷனுக்கு எந்த மாதமும் கொடுக்கலாம், கொடுத்த நாளிலிருந்து ஒரு வருஷம் செல்லும். செல்போனில் ஜீவன் பிரமாண் ஆப்பில் முகத்தைக் காட்டினால் இலவசமாக முடிந்துவிடும், பேரனை உட்காரவைத்துச் செய்யச் சொல்லுங்கள். முடியாவிட்டால் தபால்காரர் வீட்டுக்கே வந்து செய்துதருவார். போனில் யாராவது "பி.எஃப். ஆபீசிலிருந்து பேசுறோம், லைஃப் சர்டிபிகேட் கேன்சல் ஆகுது, ஓ.டி.பி. சொல்லுங்க" என்றால் வைத்துவிடுங்கள், பணம் போய்விட்டது என்று தெரிந்த உடனே சைபர் குற்றப் புகார் எண் 1930-க்கு அடியுங்கள். அந்த முதல் சில மணி நேரத்தில்தான் பணத்தை நிறுத்திவைக்க வாய்ப்பு அதிகம்.

மருத்துவத்துக்கு ஒரு நல்ல சேதி. அவர் சம்பளம் 21,000-க்குள் இருந்ததால் இ.எஸ்.ஐ. பிடித்திருக்கிறார்கள். ரிட்டயர் ஆனதோடு அது முடிந்தது என்று கார்டைப் பெட்டியில் போட்டுவிடுகிறார்கள் எல்லோரும். ஐந்து வருஷமாவது இ.எஸ்.ஐ.யில் இருந்து வயதின் காரணமாக ஓய்வு பெற்றவர், வருஷத்துக்கு 120 ரூபாய் கட்டினால் அவருக்கும் மனைவிக்கும் சிகிச்சை தொடரும். 120 மாதத்துக்கு இல்லை, வருஷத்துக்கு. மில்லில் ஓய்வுபெற்ற சான்று வாங்கிக்கொண்டு இ.எஸ்.ஐ. கிளை அலுவலகத்தில் கட்ட வேண்டும், டிஸ்பென்சரியில் அல்ல. சிங்காநல்லூர் ஆஸ்பத்திரி உங்களுக்குப் பஸ்ஸில் போகிற தூரம்தான். தினசரி சுகர், பி.பி. மாத்திரைக்கு அவ்வளவு தூரம் போக வேண்டாம் என்றால் மக்களைத் தேடி மருத்துவத்தில் பெயர் கொடுத்தால் வீட்டுக்கே கொண்டுவந்து தருவார்கள், ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேளுங்கள்.

இனி மகன். நீங்கள் அவனைப் பற்றி எழுதியதில் கெட்டவன் என்று எங்கேயும் தெரியவில்லை. ஓவர்லாக், பேட்லாக் தையல் மிஷின் எல்லாம் ஓட்டத் தெரிந்த பையன் அடுத்தவன் கம்பெனியில் பீஸ் ரேட்டுக்கு எத்தனை நாள் உட்காருவான், சொந்தமாக வைக்க நினைப்பது நியாயம். ஆனால் ஜாப் ஒர்க்கில் ஆர்டர் வருகிற மாதம் வரும், பில் பணம் 60 நாள் 90 நாள் இழுக்கும், அதைத் தாங்குவதற்கு 30 வயதுக்காரனுக்கு நேரம் இருக்கிறது, 58 வயதுக்காரருக்கு இல்லை. அதனால் கடனை அவன் வாங்கட்டும். மாவட்டத் தொழில் மையத்துக்கு அனுப்புங்கள். பி.எம்.இ.ஜி.பி. என்ற மத்திய அரசுத் திட்டத்தில் 8 லட்சத் தொழிலுக்குச் சொந்தப் பணம் 10 சதவீதம், அதாவது 80,000 போதும். பி.சி., எம்.பி.சி., எஸ்.சி. என்றால் 5 சதவீதம், 40,000. கிராமப் பகுதி என்றால் மானியம் 25 முதல் 35 சதவீதம். இந்தத் தொகைக்குச் சொத்து ஜாமீன் கேட்கக்கூடாது என்பது விதி. திட்டத்தின் இப்போதைய நிலையை அங்கேயே கேட்டுக்கொள்ளட்டும், அது சரிவராவிட்டால் முத்ரா கடன் இருக்கிறது, அதற்கும் ஜாமீன் இல்லை. நீங்கள் கொடுப்பதாக இருந்தால் அந்த 80,000-ஐ, பாண்ட் பணம் திரும்பி வந்ததும் கொடுங்கள். திரும்ப வராது என்று நினைத்தே கொடுங்கள், வந்தால் சந்தோஷம். பேங்கில் ஜாமீன் கையெழுத்து மட்டும் அவர் போடக்கூடாது.

வீட்டை எழுதிக் கொடுத்தால்தான் லோன் என்பதும் இதனால் இல்லாமல் போகிறது. செட்டில்மென்ட் ஏன் எல்லோரும் எழுதுகிறார்கள் என்றால் செலவு குறைவு: குடும்பத்துக்குள் என்றால் முத்திரைத் தீர்வை 1 சதவீதம், அதிகபட்சம் 40,000, பதிவுக் கட்டணம் அதிகபட்சம் 10,000. ஆனால் பதிவு செய்த நொடியிலிருந்து வீடு மகனுடையது, மனசு மாறினால் திரும்ப வாங்க முடியாது. அதை அவன் அடமானம் வைத்துத் தொழில் படுத்தால், ஏலம் போவது நீங்கள் படுத்திருக்கிற வீடு. பெற்றோர் பராமரிப்புச் சட்டம் 2007-ல் 23-ஆம் பிரிவு இருக்கிறது, பார்த்துக்கொள்ளாவிட்டால் பத்திரத்தை ரத்து செய்யலாம் என்று எல்லோரும் சொல்வார்கள். அந்தப் பிரிவே 60 வயதானவர்களுக்குத்தான், அதோடு பராமரிக்க வேண்டும் என்ற நிபந்தனை இருந்தால்தான் அந்தப் பிரிவு செல்லும் என்று உச்ச நீதிமன்றம் 2022-ல் சொல்லியிருக்கிறது. 2025 ஜனவரியில் மத்தியப் பிரதேசத்துத் தாய் ஒருவருக்கு ஆதரவாகத் தீர்ப்பு வந்தது உண்மை, ஆனால் 2019-ல் எழுதிய பத்திரத்தை உடைக்க அந்த அம்மா டெல்லிவரை போக வேண்டியிருந்தது.

அவர் உயில் எழுதட்டும். தன் சம்பாத்தியச் சொத்து என்பதால் யாருக்கு எவ்வளவு என்று அவரே முடிவு செய்யலாம், எத்தனை முறை வேண்டுமானாலும் மாற்றலாம், அவர் காலம்வரை வீடு அவருடையது. அவருக்குப் பின் உங்கள் ஆயுள்வரை நீங்கள் அங்கே குடியிருக்கும் உரிமை, அப்புறம் மகனுக்கும் மகளுக்கும் எப்படி என்று தெளிவாக எழுதச் சொல்லுங்கள். இரண்டு சாட்சி கட்டாயம், உயிலில் பங்கு வாங்குகிறவரைச் சாட்சியாகப் போடாதீர்கள். பதிவு கட்டாயமில்லை, ஆனாலும் சப்-ரிஜிஸ்ட்ரார் ஆபீசில் பதிந்துவிடுவது நல்லது. பொள்ளாச்சிப் பெண்ணிடம் இதையெல்லாம் இப்போதே சொல்லிவிடுங்கள், அவள் காதுக்கு வேறு யார் மூலமாவது போனால் வேறு மாதிரி போகும்.

தபால் நிலையத்துக்கு இந்த வாரமே கிளம்புங்கள். அதற்கு முன் மில்லின் பெர்சனல் ஆபீசில் ஒரு சான்று வாங்க வேண்டும்: என்ன வேலை, எந்தத் தேதியிலிருந்து எந்தத் தேதிவரை, ஓய்வு பெற்ற நாள், என்னென்ன ஓய்வுப் பலன் எவ்வளவு. பி.எஃப். பணம் வரவு வைக்கப்பட்ட தேதி தெரிகிற பாஸ்புக் பக்கத்தின் நகல், இருவரின் ஆதார், பான் கார்டு, போட்டோ, 11 லட்சத்துக்குக் காசோலை. ரொக்கமாக ஒரு லட்சத்துக்குமேல் வாங்க மாட்டார்கள். கிளை தபால் நிலையத்துக்குப் போகாமல் சூலூர் ஆபீசுக்கோ கோவை ஹெட் போஸ்டாபீசுக்கோ போங்கள். கவுண்டரில் "60 ஆகலையே, முடியாதும்மா" என்று சொன்னாலும் திரும்பி வந்துவிடாதீர்கள், இந்த 55 வயது விதியில் கணக்கு தொடங்க வருகிறவர்கள் குறைவு, அவருக்குப் பழக்கம் இல்லாமல் இருக்கும். மில் சான்றைக் காட்டி போஸ்ட் மாஸ்டரைப் பார்க்க வேண்டும் என்று கேளுங்கள். படிவத்தில் இரண்டாவது பெயர் எழுதுகிற கட்டத்தில் உங்கள் பெயரை, ஆதாரில் உள்ள இனிஷியலோடு, நீங்களே எழுதுங்கள்.